கைத்தொழிலும் கலைக்கல்வியும்
பினாங்குச் சமூகக் கல்லூரிகளின் பொதுவியல் பாடம் பற்றி ஒரு திறனாய்வு

கைத்தொழில் கற்கும் மாணவனுக்கு வரலாறும் இலக்கியமும் மெய்யியலும் வேண்டுமா என்னும் வினா கேட்பதற்கு எளியது; விடை காண்பதற்கு அரியது. வேண்டா என்பார் ஒரு சாரார். வேலை கிடைத்தால் போதும், மற்றவை பிறகு என்பது அவர்தம் கொள்கை. வேண்டும் என்பார் மற்றொரு சாரார். ஆயின், எவ்வளவு வேண்டும், எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்று வினவினால் அவருட் பலர் விடை கூறாது நழுவிவிடுவர்.

பினாங்கு மாநிலத்தில் பாயான் பாரு, கெப்பாளா பத்தாஸ், நிபோங் திபால் முதலிய இடங்களில் அமைந்துள்ள அரசாங்கச் சமூகக் கல்லூரிகளை நோக்குவார்க்கு, இவ்வினா ஏட்டளவில் நிற்கும் வினா அன்று என்பது விளங்கும். எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் வாயிலை எட்ட இயலாத இளைஞர் பலர்க்கு இக்கல்லூரிகளே கடைசிக் கல்விக்கூடம். அவருள் தோட்டத்திலிருந்து நகர்க்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் உளர். அங்கே அவர்க்குக் கிடைக்காத பொதுக்கல்வி பின்னர்க் கிடைப்பது அரிது. ஆதலின் அக்கல்லூரிகளில் 'பொதுவியல்' என்னும் பெயரால் கற்பிக்கப்படுவது யாது, அது தன் பெயர்க்குத் தக்கதாய் உள்ளதா என ஆராய்வது கடனாகும்.

சொல்லும் பொருளும்

மேலைநாட்டார் 'லிபரல் ஆர்ட்ஸ்' எனக் கூறும் கல்விக்குத் தமிழில் 'கலைக்கல்வி' என்னும் பெயர் வழங்கி வருகிறது. ஆயின் இவ்விரு சொற்களும் ஒரே பொருளை உணர்த்துவன அல்ல. உரோமர் கூறிய 'லிபரல்' என்னும் அடைமொழி 'அடிமையல்லாத மனிதனுக்கு உரிய' என்னும் பொருளது. இலக்கணம், சொல்வன்மை, அளவையியல், எண், வடிவகணிதம், வானியல், இசை ஆகிய ஏழும் இடைக்கால ஐரோப்பாவில் அப்பெயரால் வழங்கின. பொருளீட்டக் கையால் செய்யும் தொழில்கள் இவ்வேழனுள் இடம்பெறவில்லை. அரிஸ்டாட்டிலும் தம் அரசியல் நூலின் இறுதிப் பகுதியில், உரிமையுடைய மனிதர்க்குத் தகும் கல்வியையும் தகாத தொழிலையும் பிரித்தே பேசுகிறார். எனவே மேலைநாட்டுக் கலைக்கல்வி தொடக்கத்திலேயே உழைப்பாளியை வாயிலுக்கு வெளியே நிறுத்திய கல்வி எனலாம்.

நம்மவர் 'கலை' என்ற சொல்லோ இத்தகைய பிரிவினையை அறியாதது. ஆயகலைகள் அறுபத்துநான்கு எனப்படுவனவற்றை வாத்சியாயனர் தரும் பட்டியலிற் காணலாம். அங்கே யாப்பும் அகராதியும் பிறமொழியறிவும் ஒரு பக்கம் நிற்க, சமையலும் தையலும் தச்சும் மனைநூலும் மறுபக்கம் நிற்கின்றன, எல்லாம் கலைகளே. நவராத்திரியின் நிறைவில் தமிழர் வீடுகளில் புத்தகத்தையும், பட்டறைகளில் உளியையும் சுத்தியலையும் ஒருங்கே வைத்து வழிபடும் வழக்கமும் இக்கருத்தின் எச்சமே.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. ஏட்டில் ஒன்றாயிருந்தவை நாட்டில் ஒன்றாயிருக்கவில்லை. உளி பிடித்த கைக்கு எழுத்தாணியும், எழுத்தாணி பிடித்த கைக்கு உளியும் எட்டாதபடி சாதி என்னும் சுவர் நெடுங்காலம் தடுத்து நின்றது. கலைகளின் பட்டியல் ஒன்றாயினும் அவற்றைக் கற்கும் உரிமை ஒன்றாய் இல்லை. ஆகவே, பழம்பெருமை பேசி இச்சிக்கலைத் தீர்த்துவிட இயலாது. மேலைநாட்டில் சொல்லிலேயே இருந்த குறை, நம்மிடம் செயலில் இருந்தது, அவ்வளவே வேறுபாடு. உளியையும் ஏட்டையும் பிறப்பு நோக்காது ஒரே பிள்ளையின் கையில், பொதுப்பணத்தால் கொடுக்கக்கூடிய இடம் இக்காலத்தில் உண்டாயின், சமூகக் கல்லூரி அவற்றுள் ஒன்றாதல் வேண்டும். அவ்வாய்ப்பை அது பயன்படுத்திக்கொள்கிறதா என்பதே கேள்வி.

பெயர் வந்தது, பொருள் வரவில்லை

சமூகக் கல்லூரி என்னும் அமைப்பின் தாயகம் அமெரிக்கா. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இளநிலைக் கல்லூரி, இன்றுவரை தொடர்ந்து நடைபெறும் அரசுசார் கல்லூரிகளுள் முதலாவதாகும். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுப் படிப்பை ஊரிலேயே தருவது அதன் நோக்கம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் 'சமூகக் கல்லூரி' என்னும் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. அக்கல்லூரிகளில் இரு கிளைகள் உண்டு. ஒன்று தொழில் கற்பிப்பது. மற்றொன்று மொழி, வரலாறு, அறிவியல், கணிதம், சமூகவியல் ஆகியவற்றை இரண்டாண்டு கற்பித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்திற்கு அனுப்புவது. தொழில் கற்பவரும் பொதுக்கல்வியில் ஒரு பகுதியைக் கற்றே வெளிவருதல் அங்கே மரபு. தேர்வு வேண்டாத சேர்க்கை, குறைந்த கட்டணம், பல்கலைக்கழகத்திற்கு ஏறும் படிக்கட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதன் உயிர் எனலாம்.

மலேசிய அமைச்சரவை 2000ஆம் ஆண்டில் முடிவு செய்ய, 2001இல் இந்நாட்டின் முதற் சமூகக் கல்லூரிகள் திறக்கப்பெற்றன. சமையற்கலை, தையல், விடுதிப்பணி, மின்னியல், குளிர்பதனம், வாகனப் பழுதுபார்ப்பு, கணினி முதலிய தொழில்களில் சான்றிதழ்களும், சிலவற்றில் டிப்ளோமாக்களும் இவற்றில் வழங்கப்படுகின்றன. வேலைசெய்வோரும் இல்லத்தரசியரும் வந்து கற்கும் குறுகியகால வகுப்புகளும் உண்டு. இவை பெரும் பயன் விளைப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அமெரிக்க அமைப்பிலிருந்து பெயரும் தொழிற்கிளையும் இங்கே வந்தன, கலைக்கிளை வரவில்லை.

அக்கலைக்கிளை மலேசியாவிற்கே வரவில்லையோ எனின், வந்தது; வேறொரு வாயில்வழி வந்தது. 1980களிலிருந்து இந்நாட்டுத் தனியார் கல்லூரிகள் அமெரிக்கப் பட்டத்திற்கான மாற்றுப் படிப்புகளை நடத்தலாயின. அங்கே மாணவன் உளவியலும் வரலாறும் இலக்கியமும் கணிதமும் கலந்து பயின்று, பின்னர்க் கடல்கடந்து செல்கிறான். அதற்குரிய கட்டணம் செலுத்த வல்ல குடும்பத்துப் பிள்ளைக்கே அது கைகூடும். இவ்வாறு, அமெரிக்காவில் எளியவர்க்கென ஏற்பட்ட ஒரே கல்லூரியின் இரு கிளைகள் இங்கே வருவாயின் அளவால் பிரிந்து நிற்கின்றன. அகன்ற கல்வி பணமுடையார்க்கும், குறுகிய கல்வி பணமில்லார்க்கும் ஆயிற்று. எவரும் திட்டமிட்டு இதனைச் செய்தார் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் விளைவு விளைவே.

பொதுவியல் படும் பாடு

பொதுக்கல்வி சமூகக் கல்லூரிகளில் அறவே இல்லை எனக் கூறுவது தவறாகும். அங்கே பொதுவியற் பிரிவு என ஒன்று உண்டு. மொழி, கணக்கு, இசுலாமியக் கல்வி அல்லது நன்னெறி முதலியன அதன் பொறுப்பில் அடங்கும். இவையேயன்றி, 2013ஆம் ஆண்டு முதல் மலேசிய உயர்கல்வி நிலையங்களில் 'பொதுவியல் பாடங்கள்' என்னும் கட்டாயத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. மெய்யியலும் விழுமியமும் வரலாறும் ஒரு தொகுதி. மானிடத் திறன்கள் ஒரு தொகுதி. மலேசியா பற்றிய அறிவு ஒரு தொகுதி. சமூகத் தொண்டு முதலிய செய்முறைகள் ஒரு தொகுதி என நால்வகையாக அது வகுக்கப்பட்டது. ஏட்டில் நோக்கின் இத்திட்டம் குறைகூறத்தக்கதன்று. கலைக்கல்வியின் கூறுகள் பல அதனுள் உள்ளன.

குறை எங்கே உளது எனின், அதன் நிலையில் உளது, நோக்கில் உளது, முறையில் உளது.

முதலாவது நிலை. தொழிற்பாடம் தாய், பொதுப்பாடம் தாதி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பொதுப்பாட ஆசிரியர்க்குத் தொழிற்பட்டறையில் என்ன நிகழ்கிறதெனத் தெரியாது. பட்டறை ஆசிரியர்க்குப் பொதுவகுப்பில் என்ன பேசப்படுகிறதெனத் தெரியாது. இரண்டையும் ஒருசேரக் கேட்பவன் மாணவன் ஒருவனே. அவனுக்கோ அவற்றை இணைத்துக் காட்டுவார் இல்லை.

இரண்டாவது நோக்கு. பொதுக்கல்வியின் பயன் ஐயுறவும் ஆராயவும் பழகுதல். இங்கோ நல்ல குடிமகனை உருவாக்கும் அறிவுரையாக அது பெரிதும் சுருங்கிவிடுகிறது. ஒற்றுமை நன்று என எழுதி மதிப்பெண் பெறும் மாணவன், ஒற்றுமை ஏன் அரிதாயிற்று என வினவக் கற்பதில்லை. பாடநூல் எழுதுவோரும் தவறலாம் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. பல்கலைக்கழகங்களுக்கான இனவுறவுப் பாடத்தில் 2006இல் ஒரு வழிகாட்டி நூல் கடுங்கண்டனத்திற்கு ஆளாகி மீட்டுக்கொள்ளப்பட்டது. 2016இல், நாகரிகங்கள் பற்றிய பாடக் குறிப்புகள் இந்து சமயத்தையும் சீக்கிய சமயத்தையும் பிழைபடக் காட்டின எனக் கண்டனம் எழ, அவையும் திருத்தம் பெற்றன. அக்குறிப்புகளைப் பிழையென வெளியிலிருப்போர் சுட்டிக் காட்டுமுன், வகுப்பிலிருந்த மாணவன் எழுந்து சான்று யாது எனக் கேட்டிருப்பின் அதுவே கலைக்கல்வியின் வெற்றியாகும். அத்துணிவைத் தராத பொதுக்கல்வி எத்துணைப் பாடவேளை பெற்றும் பயனில்லை.

மூன்றாவது முறை. குறிப்பைப் படித்து, விடையைத் தேர்ந்து, தேர்வோடு மறந்துவிடும் முறையில் மெய்யியலைக் கற்பிக்க இயலாது. திருவள்ளுவர் பொருட்பாலில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்து, அதன்பின்னரே அறிவுடைமையை வைத்தார். கற்றலுக்கும் அறிவுக்கும் இடையே கேட்டல் என ஒரு படி உண்டு என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும். நன்கு பேசுவாரைக் கேட்பதும், கேட்டதைத் தம்முள் உரையாடுவதும் இல்லாத வகுப்பு அப்படியைத் தாண்டிக் குதிக்க முயல்வதாகும்.

எதிர்வாதம்

இவ்வாறு கூறுங்கால் ஓர் எதிர்வாதம் எழும்; அது புறக்கணிக்கத்தக்கதன்று. பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கி மின்னணு ஆலைகள் வந்ததனால்தான் பினாங்கு பிழைத்தது. ஆலைகளுக்கு வேண்டியது கைத்திறன். 1989இல் அமைந்த பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் அத்தேவையை உணர்ந்தே செயற்பட்டது. வறிய குடும்பத்துப் பிள்ளை வரலாறு படித்துக் காலங்கழிக்க இயலுமா என வினவுவர்.

குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டும் என்பதை மறுப்பவன் கல்வியைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன். ஆயினும், அவ்வடுப்புத் தொடர்ந்து எரிவதற்கே பொதுக்கல்வி வேண்டும். இன்று கற்ற பொறி பத்தாண்டில் மறைகிறது. புதிய பொறியின் கையேட்டைத் தானே படித்துணரும் மொழியறிவு மறைவதில்லை. மேலும், தொழிலாளி பொறியோடு மட்டும் வாழ்பவன் அல்லன், சட்டத்தோடும் வாழ்பவன். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பெற்று, 2023 சனவரி முதல் நாள்தொட்டு வாரத்தின் வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. இதனை அறியாத ஒருத்தி தையற்கலையில் எத்துணைத் தேர்ச்சி பெற்றிருப்பினும் ஏமாற்றப்படலாம். வேலை ஒப்பந்தத்தைப் படித்தல், சேமநிதிக் கணக்கைச் சரிபார்த்தல், விபத்து நேர்ந்தவிடத்துச் சொக்சோவிற்கு முறையாக விண்ணப்பம் எழுதுதல் ஆகியவை யாவும் மொழிப்பாடமே, கணக்குப் பாடமே. இவ்வுரிமைகள் எவ்வாறு கிடைத்தன, யார் போராடிப் பெற்றனர் என்பது வரலாற்றுப் பாடம். அவை நீதியோ என்பது மெய்யியற் பாடம்.

இது கற்பனையன்று. இங்கிலாந்தில் 1903இல் தொடங்கிய தொழிலாளர் கல்விக் கழகத்தின் வகுப்புகளில், 1908ஆம் ஆண்டு முதல் ராச்டேல், லாங்டன் ஆகிய ஆலை நகரங்களில் பொருளியல் வரலாறு கற்பித்தவர் ஆர். எச். டானி என்னும் அறிஞர். பகலெல்லாம் உழைத்த மட்பாண்டத் தொழிலாளரும் நெசவாலைத் தொழிலாளரும் இரவில் வந்து கற்றனர். தமிழகத்தின் பக்கம் நோக்கினும், புதுவையில் 1995இலும் சென்னையில் 1996இலும் தோன்றிய சமூகக் கல்லூரிகள், தொழில்திறனோடு வாழ்க்கைத்திறனையும் பாடத்தின் ஒரு கூறாகவே வைத்தன. அக்கூறு முழுமையான கலைக்கல்வி ஆகாதெனினும், கைத்திறன் ஒன்றே போதாது என்னும் தெளிவு அங்கே இருந்தது.

உழைப்பாளர் வைத்த செல்வம்

மலாயாத் தமிழர் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1816இல் நிறுவப்பெற்ற பினாங்கு ஃப்ரீ பள்ளியின் பெயரிலுள்ள 'ஃப்ரீ' என்னும் சொல், இனமும் சமயமும் நோக்காது யாவர்க்கும் திறந்த பள்ளி என்பதைக் குறித்தது. அவ்வாண்டில் அதன் சார்பில் தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இத்தீவிலிருந்து நடத்திய இதழுக்கு 'வித்தியா விசாரிணி' என்பது பெயர். கல்வியை விசாரிப்பது என்னும் அப்பெயர், துறைமுக நகர் ஒன்றின் வணிகர்க்கும் தொழிலாளர்க்கும் நடுவே வழங்கியது எண்ணிப்பார்க்கத்தக்கது. கல்லூரி காணாத மக்கள் செய்தித்தாளையும் மன்றத்தையும் படிப்பகத்தையுமே தம் பொதுக்கல்விக் கூடமாகக் கொண்டனர். 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' அத்தகைய தாள்களுள் ஒன்று; அது 2019இல் நின்றுபோயிற்று.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை அமைந்தது. அங்கே தமிழ் முதலிடம் பெறவேண்டுமெனக் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என நிதி திரட்டினார். பெருஞ்செல்வர் மட்டுமே அன்று, கூலியுழைப்பாளரும் தம்மால் இயன்ற சிறு தொகையை அதில் இட்டனர். அவர்கள் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தவர் அல்லர். மிதிக்கப் போகிறவரும் அல்லர். ஆயினும் இலக்கியமும் வரலாறும் தமக்குத் தேவையற்றவை என அவர்கள் எண்ணவில்லை. உழைப்பாளிக்குக் கலைக்கல்வி எதற்கு என வினவுவார்க்கு, அவ்வுழைப்பாளரே விடை கூறிச் சென்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் குளிர்பதனமும் மின்னியலும் கற்க வருங்கால், அச்செல்வத்தின் பங்கை அவர்க்கு மறுப்பது முறையாகுமா?

ஊரே பாடநூல்

பொதுவியலைச் சீர்செய்யப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தொழிலையும் கலையையும் இணைத்துக் கற்பிக்கும் எண்ணம் வேண்டும். அதற்கு ஏற்ற பாடநூல் கைக்கெட்டும் தொலைவிலேயே உளது. 2008ஆம் ஆண்டில் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற ஜார்ஜ் டவுன் நகரமே அப்பாடநூல்.

சமையற்கலை மாணவன் நாசி கண்டார் சமைக்கக் கற்கிறான் என்க. தமிழ் முசுலிம்கள் காவடித்தண்டின் இருபுறமும் சோறும் கறியும் தூக்கித் துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற வரலாறு அவ்வுணவின் பெயரிலேயே உள்ளது. அத்தண்டிலிருந்து தொடங்கின், மக்கள் ஏன் கடல்கடந்தனர், மசாலை வணிகம் யார் கையில் இருந்தது, தமிழின் 'கடை'யும் 'கப்பலும்' மலாய்மொழியில் 'கெடாய்', 'காப்பால்' என எவ்வாறு புகுந்தன என வரலாறும் பொருளியலும் மொழியியலும் தாமே தொடர்ந்து வரும். குளிர்பதனம் கற்கும் மாணவன் பழைய கடைவீடு ஒன்றினுள் நுழைந்து, நடுமுற்றமும் உயர்ந்த கூரையும் மின்னாற்றல் இன்றியே வெப்பத்தைத் தணித்த முறையை அளந்து பார்க்கலாம். அறிவியலும் கட்டடக்கலையும் அங்கே கைகோக்கும். தையல் மாணவிக்குச் சோழமண்டலத் துணி இத்தீவுகளின் வாசனைப் பொருளுக்கு ஈடாக விற்ற கதை உண்டு. 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833ஆம் ஆண்டினதாகிய குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும், அவற்றின் அருகே சீனர் கோயிலும் ஆங்கிலத் தேவாலயமும் நிற்கும் வட்டாரத்தை நடந்து கண்ட மாணவனுக்கு இனவுறவுப் பாடம் வெறும் அறிவுரையாக இராது.

இத்தகைய கல்விக்கு மூன்று இன்றியமையாதவை. பட்டறை ஆசிரியரும் பொதுவியல் ஆசிரியரும் கூடிப் பாடம் வகுத்தல் வேண்டும். மனப்பாட விடைக்கு மாற்றாக, மாணவன் தானே கண்டு கேட்டு எழுதிய சிறு கட்டுரைக்கு மதிப்பு வழங்குதல் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று வந்த மாணவர்க்குத் தம் தாய்மொழி நூல்களையும் படித்து உரையாட ஒரு வாய்ப்பு, கட்டாயமாக இல்லாவிடினும் விருப்பமாகவேனும், நல்குதல் வேண்டும். மலாயும் ஆங்கிலமும் வேலைக்கு வாயில்கள். தாய்மொழியோ தன்னைத் தான் அறிவதற்கு வாயில். இம்மூன்றாவது செயலைக் கல்லூரி ஒன்றே செய்யுமென எதிர்பார்த்திருத்தல் பொருந்தாது. ஊரிலுள்ள தமிழ் மன்றங்களும் நூலகங்களும் அக்கல்லூரிகளின் வாயிலை நாடிச் செல்லுதல் தகும். ஆண்டுவிழாவில் மேடையேறிப் பரிசு வழங்குவதினும், அம்மாணவர் இருபதின்மரைக் கூட்டி மாதம் ஒரு நூல் படிப்பது பயனுடைய தொண்டாகும்.

கலைக்கல்வி என்பது வேலைக்கு மாற்று அன்று. வேலை செய்வோன் வெறும் கருவியாகிவிடாது காக்கும் காப்பு. அக்காப்பு யார்க்கு மிகுதியும் வேண்டுமோ அவர்க்கே அது குறைவாகக் கிடைக்கும் நிலை அறத்திற்கு முரணானது. உளியும் ஏடும் ஓராண்டில் ஒருநாள் மட்டும் அருகருகே இருந்தால் போதாது. பினாங்கின் சமூகக் கல்லூரிகள் அவ்விரண்டையும் ஆண்டு முழுவதும் ஒரே மாணவனின் மேசைமீது வைக்குமாயின், 'சமூகம்' என்னும் சொல் அக்கல்லூரிகளின் பெயருக்கு உண்மையில் உரியதாகும்.